மெக்காணி தொரைக்கு எந்த ஊர்? – அக்காவைக் கேளுங்க

போன மாசம் என் பாட்டியோட அப்பாவைப் பத்தி ரெண்டு பத்தி எழுதியிருந்தேன். தோட்டத்துல சின்ன தொரையா இருந்த வெள்ளைக்காரர், அவர் பிறந்த கிராமத்தை பினாங்குல இருந்துகிட்டே, மூஞ்சியே பார்க்காத நாலு இங்கிலாந்துக்காரங்க உதவியோட கண்டுபிடிச்சேன்னு. அவ்வளவுதான் எழுதுனேன், அதுக்கு வந்த லெட்டர் மெயில் வாட்சப் எல்லாம் சேர்த்தா ஒரு மிலோ டின் நிறையும். இத்தனை வீட்டுல இந்தக் கதை இருக்கா! இந்த மாசம் சமையல் கேள்வியெல்லாம் ஒத்தி வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

அக்கா, எங்க அம்மாச்சி 1926ல கெடாவுல ஒரு எஸ்டேட்ல பிறந்தவங்க. அப்பா வெள்ளைக்காரர்னு தோட்டத்துக்கே தெரியும், ஆனா பிறப்பு பத்திரத்துல அப்பா பேர் போடுற எடத்துல வெறும் கோடு. "மெக்காணி தொரை"ன்னுதான் எல்லாரும் சொல்வாங்களாம். ஒரு போட்டோ இருக்கு. இதை வச்சு இங்கிலாந்துல எங்கன்னு போய் தேடுறது?
– சுங்கை பட்டாணி வாசகி

இங்கிலாந்துக்கு இப்ப போகாதீங்க தங்கச்சி. பாதி வேலை இங்கயே கிடக்கு.

முதல்ல அந்தப் பேரை வாய்விட்டு அஞ்சாறு விதமா சொல்லிப் பாருங்க. நம்ம ஆளுங்க வாயில வெள்ளைக்காரன் பேர் என்ன பாடுபட்டிருக்கும்னு உங்களுக்கே தெரியும். மெக்காணி மக்கென்சியா இருக்கலாம், மெக்கினனா இருக்கலாம், சிரிக்காதீங்க, இஞ்சின் ரூம் பார்த்துக்கிட்ட மெக்கானிக் தொரையா கூட இருக்கலாம், தோட்டத்துல வேலையைப் பார்த்தும் பேர் வச்சிருக்காங்க. ஆனா "மெக்"குன்னு ஆரம்பிக்கிற பேர்னா ஒரு விஷயம் முக்கியம், அவர் இங்கிலாந்துக்காரரா இல்லாம ஸ்காட்லாந்துக்காரரா இருக்கவே வாய்ப்பு அதிகம், மலாயா தோட்டத்துக்கு வந்த தொரைமார்ல ஸ்காட்லாந்து ஆளுங்க ஏகப்பட்ட பேர். நமக்கு எல்லாரும் வெள்ளைக்காரன்தான், ஆனா பதிவு ரெண்டும் தனித்தனி. இங்கிலாந்து வேல்ஸ்ல பிறப்பு இறப்பு கல்யாணம் சர்க்கார் பதிவு ஆரம்பிச்சது 1837 ஜூலை 1, ஸ்காட்லாந்துல 1855. ஸ்காட்லாந்து பதிவெல்லாம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்னு தனி வெப்சைட்ல இருக்கு, இங்கிலாந்து பட்டியல்ல வருஷக்கணக்கா தேடுனாலும் அவர் வரவே மாட்டார்.

அப்புறம் எஸ்டேட் பேர். ஆள் பேரை விட அதுதான் உங்களுக்கு பெரிய சொத்து. அந்தக் காலத்துல வருஷா வருஷம் டைரக்டரி புஸ்தகம் போடுவாங்க, எஸ்டேட் எஸ்டேட்டா மேனேஜர் யாரு அசிஸ்டெண்ட் யாருன்னு அதுல இருக்கும். கோலாலம்பூர்ல ஆர்க்கிப் நெகாராவுல, அதான் தேசிய ஆவணக் காப்பகத்துல கேளுங்க, சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரியிலயும் கேளுங்க. 1924, 25, 26 மூணு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா மூணுலயும் இருக்குற பேர் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். அடுத்து சிங்கப்பூர் லைப்ரரி பழைய பேப்பரையெல்லாம் ஸ்கேன் பண்ணி நியூஸ்பேப்பர்எஸ்ஜின்னு ஒரு வெப்சைட்ல போட்டிருக்காங்க, ஸ்ட்ரைட்ஸ் டைம்ஸ் 1845ல இருந்து இருக்கு, பினாங்கு பேப்பரும் இருக்கு, காசு கிடையாது. அதுல ஆள் பேரைப் போடாம எஸ்டேட் பேரைப் போட்டுத் தேடுங்க. இன்ன தோட்டத்து இன்னார் லீவுல ஊருக்குப் போறார், ரக்பி ஆடுனார், கிளப் டின்னருக்கு வந்தார்னு ஒண்ணு விடாம எழுதி வச்சிருப்பாங்க. நம்ம பாட்டன் பூட்டன் கப்பல் ஏறுனப்ப யார் எழுதுனா, அது வேற கதை.

லீவுல போனார்ல, அங்கதான் ஆள் மாட்டுவார். தொரைமார் நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்க நீண்ட லீவுல ஊருக்குப் போவாங்க. பிரிட்டனுக்கு வந்த கப்பல் பயணிங்க லிஸ்ட் 1878ல இருந்து 1960 வரைக்கும் அவங்க நேஷனல் ஆர்கைவ்ஸ்ல இருக்கு, வயசு, தொழில், அங்க தங்கப்போற விலாசம்னு எழுதியிருக்கும். அந்த விலாசம் பெரும்பாலும் அப்பா அம்மா வீடு. 1925ல இறங்குறப்ப வயசு 25னா பிறந்தது 1900 சுமார், அப்ப 1911 சென்ஸஸ்ல அந்த வீட்டுல பதினோரு வயசுப் பையனா உட்கார்ந்திருப்பார். இங்கிலாந்து வேல்ஸ்னா அந்த 1911 பாரத்தை வீட்டுக்காரரே கைப்பட எழுதியிருப்பார், எத்தனை பிள்ளை பிறந்துச்சு எத்தனை தப்புச்சுன்னு உட்பட. என் பாட்டியோட தாத்தா கையெழுத்தை அதுலதான் முதல்முதலா பார்த்தேன், மளிகைக்கடைக்காரர், "க்ரோசர்"ல ஒரு எழுத்து மேல மை சிந்தி வச்சிருந்தார்.

போட்டோவைப் பின்பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க. ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். யூனிஃபார்ம்ல இருந்தா காலர் பேட்ஜைப் பெருசாக்கிப் பாருங்க, தொரைமார் நிறைய பேர் வாலன்டியர் படையில இருந்தாங்க.

ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. கம்பெனிங்க சின்ன தொரைமாரை சீக்கிரம் கல்யாணம் பண்ண விடல, லயத்துல இருந்த பொண்ணுங்களுக்கு "முடியாது"ன்னு சொல்ற நெலமையும் இல்ல. அதனால காதல் கதையைத் தேடி போகாதீங்க. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அக்கா, ஃப்ரீபிஎம்டின்னு இங்கிலாந்து பிறப்பு கல்யாணம் இறப்பு பட்டியல் போடுற வெப்சைட்ல என் பூட்டன் பேரைக் கண்டுபிடிச்சுட்டேன்! ஜூன் 1897னு இருக்கு, வால்யூம் நம்பர், பக்கம் நம்பரும் இருக்கு. அப்ப அவர் பிறந்த நாள் ஜூன் மாசம்தானே?
– பிரிக்பீல்ட்ஸ் தம்பி

இல்ல தம்பி, கேக் வெட்டிடாதீங்க. அந்த "ஜூன்"ங்கிறது மாசம் இல்ல, ஏப்ரல் மே ஜூன் மூணு மாசக் கட்டு. வருஷத்தை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்னு நாலு கட்டா போட்டிருக்காங்க, அதுவும் பிறந்த நாளை வச்சு இல்ல, பதிஞ்ச நாளை வச்சு. பதியறதுக்கு 42 நாள் டைம் இருந்துச்சு, அதனால மார்ச்ல பிறந்த பிள்ளையும் ஜூன் கட்டுல வரும்.

நீங்க பார்த்தது வெறும் பட்டியல், 1998ல இருந்து தன்னார்வலருங்க உட்கார்ந்து டைப் பண்ணிக்கிட்டு இருக்காங்க, புண்ணியவானுங்க. விஷயம் பூரா சர்ட்டிஃபிகேட்லதான், அந்த வால்யூம் பக்கம் நம்பரை ஜிஆர்ஓன்னு சொல்ற அவங்க பதிவு ஆப்பீசுக்குக் குடுத்து ஆர்டர் பண்ணணும். அதுலதான் பிறந்த தேதி, வீடு, அப்பா தொழில், அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர் எல்லாம் வரும். பழைய பதிவுக்கு டிஜிட்டல் படமா வாங்குனா பேப்பர்ல வாங்குறதை விட மலிவு, தபாலுக்கும் காத்திருக்க வேணாம்.

ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அதே வருஷம் அதே பேர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்த்தீங்களா? பழைய பட்டியல்ல அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர் 1911 செப்டம்பர் கட்டுல இருந்துதான் வரும், ஆனா ஜிஆர்ஓ அவங்களே புதுசா போட்ட பட்டியல்ல 1837ல இருந்தே அதைச் சேர்த்திருக்காங்க, அங்கயும் ஒரு தடவை பாருங்க. நான் இதைச் செய்யாம ஒரே பேருக்காரர் ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டு, சர்ட்டிஃபிகேட் மேல சர்ட்டிஃபிகேட்டா வாங்கி, அவர் அப்பா அதுக்கு அப்பான்னு 1790 வரைக்கும் மரம் வரைஞ்சு ஃப்ரேமும் போட்டுட்டேன். யார்க்ஷயர்ல இருந்து ஒரு அம்மா, வயசு எண்பதுக்கு மேல, ஒரே வரியில மெயில் போட்டாங்க, "உங்க ஆள் மூணு வயசுலயே இறந்துட்டாரே, பார்க்கலையா?"ன்னு. ரெண்டு வருஷமா செத்துப்போன பிள்ளைக்கு ஜாதகம் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். அதுல இருந்து பிறப்பைப் பார்த்தா உடனே அதே பேர்ல அஞ்சு வருஷத்து இறப்பையும் பார்த்துடுவேன்.

1931 சென்ஸஸ் எப்ப அக்கா வெளியிடுவாங்க? நூறு வருஷம் ஆகணும்னா 2032தானே? காத்திருக்கலாமா?
– கிள்ளான் வாசகர்

வேணாம் ஐயா. இங்கிலாந்து வேல்ஸ் 1931 சென்ஸஸ் 1942 டிசம்பர்ல தீப்பிடிச்சு மொத்தமா போயிடுச்சு. 1941ல யுத்தம், எடுக்கவே இல்ல. 1921 சென்ஸஸ் 2022ல வந்துடுச்சு, அதை விட்டா 1939 செப்டம்பர் 29ல யுத்தத்துக்காக எடுத்த ரிஜிஸ்டர்தான்.

அம்மா, நான் இங்கிலாந்துல உள்ள குடும்ப வரலாறு சங்கங்களுக்கும் ஆளுங்களுக்கும் முப்பது மெயில் போட்டுட்டேன், ரெண்டே பேர் பதில் போட்டாங்க, அதுலயும் ஒருத்தர் "சாரி". நாம ஏஷியாக்காரங்கன்னு ஒதுக்குறாங்களா? நான் அனுப்புனதை இணைச்சிருக்கேன்.
– ஆயர் ஈத்தாம் வாசகர்

படிச்சேன் தம்பி. ஒதுக்கல. "என் தாத்தாவின் குடும்பம் இங்கிலாந்தைச் சேர்ந்தது, அவர்களைப் பற்றிய எல்லா விவரங்களையும் கூடிய சீக்கிரம் அனுப்பி வைக்கவும்" – இதான் நீங்க எழுதுனது. ஆயர் ஈத்தாம் மார்க்கெட்ல போய் நின்னுக்கிட்டு "எனக்கு சாமான் வேணும்"னா யார் திரும்பிப் பார்ப்பா? அரைக் கிலோ பெரிய வெங்காயம்னு கேக்கணும்ல.

அங்க உட்கார்ந்திருக்கவங்க யாருன்னு நினைச்சீங்க? சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்க இல்ல. ரிட்டையர் ஆன டீச்சர், நர்ஸ், முட்டி வலியோட மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறிப் போய் மத்தவங்களுக்காக பழைய சர்ச் ரிஜிஸ்டரைத் திறந்து பார்க்கிறவங்க. அங்க ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அநேகமா ஒரு சங்கம் இருக்கு. அபூர்வமான குடும்பப் பேர்னா அந்தப் பேரை மட்டும் உலகம் பூரா சேகரிக்கிறவங்களுக்கே 1979ல இருந்து ஒரு சங்கம் இருக்கு, கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ்னு. அவங்ககிட்ட சின்னதா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எந்த ஊர், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம், என்ன பேர், நீங்க ஏற்கெனவே எங்கெங்க தேடியாச்சு. "1895ல இருந்து 1903 வரைக்கும் இந்த சர்ச் ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல இந்தக் குடும்பப் பேர்ல எத்தனை பிள்ளைங்க இருக்கு, ஃபேமிலிசெர்ச், ஃப்ரீரெக் வெப்சைட் ரெண்டுலயும் பார்த்துட்டேன், கிடைக்கல" – இப்படிக் கேட்டா அந்தம்மாவுக்கு அது அரைமணி வேலை, அடுத்த தடவை போறப்ப பார்த்துடுவாங்க.

இன்னொண்ணு. நம்ம பேரை விளக்கி எழுதுங்க. நம்ம ஐசியில, அதான் அடையாள அட்டையில, இன்னார் மகள், இன்னார் மகன்ங்கிறதுக்குப் போடுற ஏ-பி, ஏ-எல் அங்க யாருக்கும் புரியாது. எனக்கு உதவி பண்ண ஒரு கிழவனார் மூணு மாசம் எங்க அம்மாவுக்கு "ஏபி"ங்கிறதுதான் நடுப்பேர்னு நினைச்சு எழுதிக்கிட்டிருந்தார். நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பேர் மாறும், அவங்களுக்குக் குடும்பப் பேர் நிக்கும், ஆனா பொண்ணு கல்யாணம் பண்ணா காணாமப் போயிடும். இதை ரெண்டு வரியில சொல்லிட்டீங்கன்னா மெயில் பாதியாக் குறையும்.

முக்கியமானது கடைசியில. மொய் வைக்காம விருந்து சாப்பிடக் கூடாது. நாம அங்க போக முடியாதுங்கிற மாதிரி அவங்களால இங்க வர முடியாது. அவங்க வீட்டுலயும் மலாயாவுக்குப் போய் திரும்பாத சித்தப்பன் ஒருத்தன் இருப்பான். பத்து காஜாவுல காட்ஸ் லிட்டில் ஏக்கர்னு வெள்ளைக்காரங்க கல்லறை இருக்கு, 1948 ஜூன்ல சுங்கை சிப்புட் பக்கம் கம்யூனிஸ்டுங்க சுட்டுக் கொன்ன தொரைமார்ல இருந்து, அதுக்கப்புறம் எமர்ஜென்சின்னு சொல்ற அந்தக் கம்யூனிஸ்ட் சண்டையில செத்த சோல்ஜர் வரைக்கும் அங்க படுத்திருக்காங்க. தைப்பிங்ல யுத்தக் கல்லறை, பினாங்குல வெஸ்டர்ன் ரோடு கல்லறை. இதெல்லாம் நமக்கு மோட்டார்ல போற தூரம். ஜேபிஎன்ல, அதான் நம்ம தேசிய பதிவு இலாகாவுல போய் மலாய்ல பேசி ஒரு பாரம் வாங்கிக் குடுக்க அவங்களால முடியுமா? நீங்க மெயில் கடைசியில "பினாங்கு கெடா பேராக்ல உங்களுக்கு ஏதாவது போட்டோ எடுக்கணும், தேடணும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நான் ஃப்ரீ"ன்னு ஒரு வரி சேர்த்து, மறுபடி பத்தே பேருக்கு அனுப்பிப் பாருங்க. பதில் வந்துச்சான்னு எனக்கும் எழுதுங்க.

எங்க வீட்டுல பரம்பரை பரம்பரையா சொல்றது, எங்க கொள்ளுத்தாத்தா ஒரு லார்டு பரம்பரை, கோட்டை எல்லாம் இருக்குன்னு. எப்படி நிரூபிக்கிறது?
– பட்டர்வொர்த் வாசகி

ஏன்மா எல்லா வீட்டு வெள்ளைக்காரரும் லார்டாவே இருக்கார், ஒருத்தர் கூட மீன் விக்கிறவர் மகன் இல்லையா? தப்பா எடுத்துக்காதீங்க, கதையை எழுதி வச்சுக்கோங்க, ஆனா மேல இருந்து கீழ தேடாதீங்க. உங்ககிட்ட இருந்து ஒவ்வொரு படியா மேல போங்க, ஒவ்வொரு படிக்கும் ஒரு பேப்பர்.

பினாங்குலயே இதுக்கு ஒரு கதை இருக்கு. பினாங்குல பிரிட்டிஷ் குடியேற்றத்தை ஆரம்பிச்ச பிரான்சிஸ் லைட்டைப் புதைச்ச பழைய புராட்டஸ்டன்ட் கல்லறையில தாமஸ் லியோனோவன்ஸ்னு ஒருத்தர் இருக்கார், 1859ல ஜார்ஜ் டவுன்ல இறந்தவர், இங்க ஓட்டல் நடத்தினவர். அவர் பேரே முதல்ல லியோன் ஓவன்ஸ், ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அவர் மனைவி அன்னாதான் பிறகு சயாம் ராஜா அரண்மனையில டீச்சரா போனவங்க. வேல்ஸ்ல பிறந்தேன், கணவர் ராணுவ மேஜர்னு அந்தம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சாங்க, நூறு வருஷத்துக்கு மேல உலகம் நம்புச்சு. கடைசியில அவங்க மகன் லண்டன்ல பிறந்ததா சொன்னதைச் சரிபார்க்க ஒருத்தர் பிறப்புப் பதிவைத் தேடுனார், இல்ல. அந்தப் பையன் பிறந்தது ஆஸ்திரேலியாவுல. தோண்டத் தோண்ட, அந்தம்மாவும் 1831ல இந்தியாவுல அகமத்நகர்ல பிறந்தவங்கன்னு வந்துச்சு, கணவர் மேஜர் இல்ல, கிளார்க்கு வேலை பார்த்தவர். ஒரே ஒரு பிறப்புப் பதிவு இல்லாததுதான் கதவைத் திறந்துச்சு.

உங்க கொள்ளுத்தாத்தா காலம் 1867க்கு முன்னாடின்னா இன்னொரு குறிப்பு. அதுவரைக்கும் பினாங்கு நிர்வாகம் இந்தியா கணக்குலதான், அதனால செயிண்ட் ஜார்ஜ் சர்ச் மாதிரி எடத்து ஞானஸ்நானம் கல்யாணம் நகல் லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியோட இந்தியா ஆப்பீஸ் பதிவுகள்ல இருக்கும். இதுல கைதேர்ந்தவங்க ஃபிபிஸ்னு ஒரு சங்கம், இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களைத் தேடுறவங்க நடத்துறது, அவங்க டேட்டாபேஸ்ல தேட காசு இல்ல.

எங்க அம்மாவோட தாத்தா வெள்ளைக்காரர், பேர் கூட தெரியாது. டிஎன்ஏ எடுத்தா தெரியுமா? நான் எடுக்கலாம்னு இருக்கேன்.
– ஈப்போ வாசகி

நீங்க எடுக்காதீங்க, அம்மாவை எடுக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கு அவர்கிட்ட இருந்து நாலுல ஒரு பங்கு சுமாரா வந்திருக்கும், உங்களுக்கு அதுல பாதிதான். அம்மாவோட அம்மா உயிரோட இருந்தா முதல்ல அவங்க, சரிபாதி அங்க இருக்கு. இப்ப எச்சில் துப்புறதுக்கு அவங்களைச் சம்மதிக்க வைக்கிறது உங்க சாமர்த்தியம், எங்க வீட்டுல "செத்தவனை எதுக்கு எழுப்புற"ன்னு ஒரு மாசம் சண்டை.

இனம் இத்தனை சதவீதம்னு காட்டுற கலர் மேப்பைப் பார்த்து ஏமாறாதீங்க, அதுல ஊரும் கிடைக்காது பேரும் கிடைக்காது. சொந்தக்காரங்க லிஸ்ட்தான் விஷயம். இங்கிலாந்துலயோ ஆஸ்திரேலியாவுலயோ யாரோ ஒருத்தர் ஒண்ணுவிட்ட ரெண்டுவிட்ட சொந்தம்னு வருவார், அப்படி ரெண்டு மூணு பேர் மரத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா எந்த இடத்துல சேருதுன்னு தெரியும், அதுல மலாயாவுக்கு வந்தவர் யார்னு பாருங்க. அந்த ஆளுக்கு எழுதுறப்ப எடுத்த எடுப்புல "உங்க தாத்தா எங்க பாட்டியை விட்டுட்டுப் போயிட்டார்"னு ஆரம்பிக்காதீங்க. அவருக்கு அது தாத்தா. "நாம சொந்தம்னு காட்டுது, உங்க வீட்டுல மலாயாவுல வேலை பார்த்தவங்க யாராவது உண்டா" – முதல் மெயிலுக்கு இது போதும். மிச்சத்தை அவரே கேப்பார், கேக்கலைன்னா விட்டுடுங்க.

அம்மா, நீங்க எனக்கு முன்னாடியே சொன்ன மாதிரி சின்னதா ஒரே ஒரு கேள்வி கேட்டேன், சஃபோக்ல இருந்து ஒரு அம்மா எங்க பாட்டனாரோட 1899 ஞானஸ்நானப் பக்கத்தையே படம் எடுத்து அனுப்பிட்டாங்க. இப்ப அவங்க பெரிய மாமா கல்லறை வெஸ்டர்ன் ரோட்டுல இருக்காம், போட்டோ கேக்கறாங்க. எனக்கு வயசு 71, கேமராவும் போன் கேமராதான். சரியா வருமா?
– பூலாவ் தீக்குஸ் வாசகர்

தாராளமா வரும் ஐயா. காலையில எட்டு மணிக்குள்ள போயிடுங்க, வெயில் சாய்ஞ்சு விழுந்தாதான் தேஞ்ச எழுத்துக்கு நிழல் கட்டும், உச்சி வெயில்ல எடுத்தா வெறும் வெள்ளைக் கல்லுதான் தெரியும். வரிசை நம்பர் தெரியுமான்னு அந்தம்மாகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, இல்லன்னா சுத்திச் சுத்தி முட்டி போயிடும். பேரனைக் கூட்டிட்டுப் போங்க, நீளக் கால்சட்டை போடுங்க, புல்லு கொசு ரெண்டும் ஜாஸ்தி. பாசி இருந்தா சுரண்டாதீங்க, சாக்பீஸ் தேய்க்காதீங்க, குளோராக்ஸ் மாதிரி ப்ளீச் வேணவே வேணாம், கல்லு பாழாயிடும், ஒரு போத்தல் பச்சைத் தண்ணி ஊத்தி மெத்து பிரஷ்ல லேசா துடைச்சா போதும். முழுக் கல்லு ஒண்ணு, எழுத்து மட்டும் ஒண்ணு, அக்கம்பக்கத்துக் கல்லு ரெண்டும் ஒண்ணு ஒண்ணு எடுங்க, பக்கத்துல சொந்தக்காரங்க இருந்தா அந்தம்மாவுக்கு அது தனி சந்தோஷம்.

மழை தூறுச்சுன்னா திரும்பி வந்துடாதீங்க. நனைஞ்ச கல்லுல சில எழுத்து இன்னும் நல்லாத் தெரியும்.